கஸ்பார் வீட்டு வெள்ளை விரிப்பு

"கோழி அடையிற எடத்துல மூணு நாள் நான் படுக்க மாட்டேன். வேணும்னா நீங்க போயிப் படுங்க. ஒங்களுக்கு அது பொருத்தமாத்தான் இருக்கும்."

"ஏ கித்தேரி, மெல்லப் பேசு. வடிவு காதுல விழுது."

"விழட்டும். அதுக்குத் தெரியாத சங்கதி நம்ம வீட்டுல என்ன கெடக்கு?"

கித்தேரியம்மாள் மதினி சொன்னது நியாயம்தான். செண்பகனூரில் அவர்கள் வீட்டையும் எங்கள் வீட்டையும் பிரிப்பது ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். போதாததற்கு வாசலில், ரோட்டைப் பார்த்து, என் பெட்டிக்கடை. எதையும் கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் காதைக் கழற்றி மிட்டாய் பாட்டிலுக்குள் போட்டு மூடி வைத்தால்தான் உண்டு.

எமர்ஜென்சி முடிந்த வருடம் அது. ஆகஸ்ட் பதினைந்து திங்கட்கிழமையில் வந்து விழுந்திருந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்தாற்போல் லீவு. சலேத் மாதா திருவிழாவும் அதே சமயம். இப்படி லீவு சேர்ந்து வந்தால் கீழ்நாட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மலை ஞாபகம் வந்துவிடும். லாட்ஜுகள் நிரம்பிவிடும். உடனே எங்கள் ஊர்க்காரர்கள் வீட்டை டூரிஸ்டுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, சட்டி பானையோடு பின்பக்க அடுப்படிக்கும் விறகுக் கொட்டகைக்கும் குடியேறிவிடுவார்கள். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, "சார், சுடுதண்ணி" என்று நிற்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். என் வீட்டை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை, கூரை ஒழுகும்.

மதினியின் புருஷன் கஸ்பார் அண்ணனுக்கு இது தொழிலோடு சேர்ந்தது. அவர் கைடு. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுச்சென்ற கறுப்புக் கோட்டு, குரங்குக் குல்லா, கையில் ஒரு பிரம்பு. மலை ஏறி வந்து பஸ் ஸ்டாண்டில் வாந்தி எடுத்து நிமிர்கிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். சிலர் மறுபடி குனிந்துவிடுவார்கள்.

ஆனால் அன்று மதினி கத்தியது கோழிக்காக மட்டும் இல்லை. அமலிக்காக.

அமலி அவர்களுடைய ஒரே பிள்ளை. மடத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தேழு. ஒரு வரன், "குளுந்த ஊருப் பொண்ணு, எங்க வெயில்ல சொணங்கிரும்" என்று போனது. இன்னொன்று, "அப்பன் கைடாமே" என்று போனது. இப்போது மாதா கோயில் உபதேசியார் உபகாரம் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். திண்டுக்கல்லுக்குப் பக்கம் கருங்குளத்துப்பட்டி. பையனுக்குக் கூட்டுறவு பேங்க்கில் வேலை. அப்பா ரிட்டையரான ஹெட்மாஸ்டர். "ஒரு நாள் வந்து பாக்குறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. இதுவும் தட்டிப்போனால் அமலியைக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுவதாக மதினி மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். அமலியைக் கேட்டு நேர்ந்துகொள்ளவில்லை.

"அவுங்க இந்த லீவுல வந்து நின்னா எங்க உக்கார வைப்பீங்க? விறகுக் கட்டு மேலயா?"

"இந்தக் கூட்டத்துல எவன் பொண்ணு பாக்க வருவான்? புத்தியோட பேசு. அந்த வெள்ள விரிப்ப எடு."

"அது அவ கல்யாணத்துக்குப் பின்னுனது."

"மூணு நாளு விரிச்சாத் தேஞ்சா போயிரும்? விரிப்பப் பாத்துத்தான்டி ஆளுங்க மறுதரம் வருவாங்க."

அந்த விரிப்பை நான் அறிவேன். இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து, ஓரமெல்லாம் பூப்பூவாக அமலி ஊசியில் பின்னியது. டிரங்குப் பெட்டியின் அடியில் நாப்தலீன் உருண்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"விரிச்சுட்டேன்" என்று அமலியின் குரல் கேட்டது. "சண்டய நிறுத்துங்க. தண்ணி புடிக்கணும்."

அவள் குணம் அப்படி. பேச்சை வளர்க்கிற நேரத்தில் வேலையை முடித்துவிடுவாள். எனக்கு ஆகவே ஆகாத குணம்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ்கள் வரிசையாக ஏறி வந்தன. மலைப்பாதையில் ஏறி வந்த பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு கோடு. யார் என்ன தின்றார்கள் என்று படித்துவிடலாம். இது புளியோதரை, இது தக்காளி சாதம். அந்தக் கோடுகளில் ஒன்றுக்கு உரியவர்களை அழைத்துக்கொண்டு கஸ்பார் அண்ணன் வந்தார். அப்பா, அம்மா, மகன். அப்பாவுக்குக் கழுத்தில் மஃப்ளர், கையில் குடை. அம்மாவுக்கு உடம்பு முழுக்கச் சால்வை; கண் மட்டும் வெளியே, அதுவும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மகன் கறுப்புக் கண்ணாடியும் புது ஷூவும். வெயிலே இல்லை, கண்ணாடி எதற்கென்று தெரியவில்லை. திருச்சியிலிருந்து வருகிறார்களாம். உபதேசியார்தான் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, கஸ்பார் வீட்டில் இடம் இருக்கிறது என்று கைகாட்டி விட்டாராம்.

வந்த வேகத்தில் அப்பாக்காரர் காறி ஜன்னல் வழியாகத் துப்பினார். அது அமலி வைத்திருந்த ஜெரேனியம் செடி மேல் விழுந்தது. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செடி தலையை ஆட்டியது.

சாயங்காலம் கஸ்பார் அண்ணன் அவர்களை ஏரிக்கு அழைத்துப் போனார். அவர் ஊர் காட்டுகிற அழகை நான் ஒரு தடவை கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். வழியில் எந்தப் பாழடைந்த பங்களா வந்தாலும் நின்றுவிடுவார். "இந்த ஜன்னல்லதான் சார் தொரைசானி நின்னுக்கிட்டே இருந்தது. தொரை சண்டைக்குப் போயித் திரும்பல. இப்பவும் மூடாப்பு நாள்ல வெள்ளையா ஒண்ணு தெரியும்." எனக்குத் தெரிந்து அந்தப் பங்களாவில் ஒரு சமையல்காரக் குடும்பம் எருமை கட்டியிருந்தது. வெள்ளையாகத் தெரிந்தது ஏதாவது இருந்தால் பால்.

அதைவிடக் கேவலம் கடைசியில் வருவது. ஆட்கள் களைத்து ஒரு கல்லில் உட்கார்ந்ததும் குல்லாவைக் கழற்றித் தன் குடும்பக் கதையை எடுப்பார். "என்ன சார் செய்ய. நாலு பொட்டப் புள்ளைங்க. பொண்டாட்டி நெஞ்சு நோய்க்காரி. இருமுனா ரத்தம் வருது." கேட்கிறவர் கையைப் பைக்குள் விடுகிறவரை அந்த இருமல் நிற்காது. மதினிக்கு அந்த வருடம் வரை ஜலதோஷம்கூட வந்ததில்லை.

அன்றும் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

அது எனக்கு அன்றைக்கே விளக்கு வைத்த பிறகு தெரிந்துபோனது. அந்த வீட்டில் தங்குகிற டூரிஸ்டுகள் சீட்டு ஆடுவார்கள், டிரான்சிஸ்டர் வைப்பார்கள். இவர்கள் ஜெபமாலை சொன்னார்கள். திருவிழாவுக்கு வந்த வேதக்காரர்கள், சொல்லட்டும் என்று நானும் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டேன். நான் கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் தடுப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தே ஜெபமாலை எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாதா பிரார்த்தனை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஊர்க் கோயில் சாமியை ஒரு தடவை கூப்பிடுவது வழக்கம். கூப்பிடாவிட்டால் சொன்ன ஜெபமெல்லாம் வழியில் விழுந்துவிடும் என்று அவர்களுக்கு ஒரு பயம். அந்தம்மா கூப்பிட்டாள்.

"கருங்குளத்துச் சந்தியாகப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அப்பாவும் மகனும்.

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நாளெல்லாம் திருச்சி திருச்சி என்று சொன்னவர்கள். கைடிடம் பொய் சொல்லலாம், வீட்டுக்காரியிடம் சொல்லலாம். சந்தியாகப்பரிடம் நான் திருச்சிக்காரி என்று சொல்ல அந்தம்மாவுக்கு நாக்கு வரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், டூரிஸ்டு வேஷம் போட்டு வந்திருக்கிறார்கள். உபதேசியார் கைகாட்டியதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே அந்தம்மா என் கடைக்கு வந்தாள். பல் விளக்கி வாயை என் கடை முன்னாலேயே கொப்பளித்துவிட்டு, ஒரு வெற்றிலைக் கட்டு கேட்டாள்.

"இந்த வீட்டுக்காரம்மா எப்படிங்க? ராத்திரியெல்லாம் இருமுமோ?"

"எனக்குத்தாங்க இருமல்" என்றேன். "அவுங்க இருமி நான் கேட்டதே இல்ல."

"நாலு பொண்ணாமே. மத்த மூணும் எங்க இருக்கு?"

"கைடு வாயில இருக்குங்க. வாரத்துக்கு ஒண்ணு கூடும். உள்ளது இந்த அமலி ஒண்ணுதான். வெறகு வெட்டும், தண்ணி சொமக்கும், பள்ளிக்கூடத்துச் சம்பளத்த அப்படியே அம்மா கையில குடுக்கும்."

சம்பளம் என்றதும் சால்வைக்குள் அந்தக் கண் நின்றது. அவள் வெற்றிலையை மென்று என் கடை மரத்தூணில் சுண்ணாம்பு விரலைத் துடைத்தாள். அந்த வெள்ளைத் தடம் ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

அவள் போனதும் நான் கடைக்குச் சாக்கை இழுத்துவிட்டு மதினியிடம் ஓடினேன். சொன்னதும் அவள் சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு வடிவு. சீப்புல வர்ற முடிய உருட்டிச் செவத்து ஓட்டையில சொருகாதீங்கன்னு விடியவே அந்தம்மாகிட்ட மொகத்தக் காட்டிட்டேனே."

"இப்பச் சிரிச்சுருங்க. ரெண்டும் சரியாப் போயிரும்."

"அமலிக்குச் சொல்லாத. தெரிஞ்சா அவ மூஞ்சியில அப்படியே காட்டிருவா. எம் பொழப்பே இதுல தொங்குது."

நான் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது ஊருக்கே தெரியும். அன்று மத்தியானம் விறகுக் கொட்டகையில் ஒரு கோழி குறைந்து, விருந்தாளிகளின் குழம்பில் கூடியது.

பின்பக்கம் குழாயடியில் அமலியைப் பார்த்தேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வாளியும் துடைப்பமுமாக நின்றாள்.

"என்ன அமலி, கொள்ளக்காரி மாதிரி?"

"படிச்ச குடும்பம் அத்தை. கக்கூஸ் கதவத் தொறக்கத் தெரியல. வாசல்லயே முடிச்சுட்டாங்க."

"குளிருக்குப் பயந்திருப்பாங்க."

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் அடுப்படிச் செவத்துல ஒண்ணுக்கு அடிக்கிறாங்க. செவத்துக்கு இந்தப் பக்கம் எங்க அம்மா தல வச்சுப் படுக்குது." அவள் தண்ணீரை வீசி ஊற்றினாள். "டம்ளர்ல நகம் வெட்டிப் போட்டிருக்கு. கட்டுலுக்கு அடியில எலும்பு. நாயி கூட எலும்ப வெளிய கொண்டாந்துதான் அத்தை கடிக்கும்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. மதினி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன்.

அதே நேரம் கஸ்பார் அண்ணன் அவர்களைத் தூண் பாறைக்கு அழைத்துப் போயிருந்தார். ஆகஸ்டு மாதம்; வெள்ளைத் துணியை முகத்தில் போட்டு மூடியதுபோல் மூடுபனி. எதிரே நிற்கிற மாடு தெரியாது. மற்ற கைடுகள் இப்படி நாளில் ஆட்களைத் திருப்பி அழைத்துப் போய்விடுவார்கள். இவர் கம்பிக்குப் பக்கத்தில் நின்று பிரம்பை நீட்டி, "இதுக்கு நேரா ஒண்ணாவது தூண் சார். அதுக்கு வலது கைப்பக்கம் ரெண்டாவது. நடுவுல இடுக்குத் தெரியுது பாருங்க" என்பார். டூரிஸ்டும் தெரியுது தெரியுது என்பான். தெரியவில்லை என்று சொன்னால் தன் கண்ணில் கோளாறு என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒவ்வொருவனுக்கும் பயம். ஹெட்மாஸ்டரும் தெரிகிறது என்றுதான் சொன்னாராம். வரும் வழியில் மகன் ஏரிக்கரையில் குதிரை ஏறினான். இறங்கும்போது சாணியில் இறங்கினான்.

பொழுது சாயும்போது மதினி அண்ணனைக் கொட்டகைக்குள் இழுத்து விஷயத்தைச் சொன்னாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

"பாறையக் காட்டிட்டேனே கித்தேரி. பனிக்குள்ள."

"அது கெடக்கட்டும். நெஞ்சு நோயி?"

"சொல்லிட்டேன்."

"ரத்தம்?"

"அதுவும்."

"நாலு பொண்ணு?"

"சொல்லிட்டேன். மத்த மூணு எங்கன்னு கேட்டா என்னடி சொல்றது?"

"செத்துப்போச்சுன்னு சொல்லிராதீங்க. அதையும் விசாரிப்பாங்க."

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் சலேத் மாதா கோயிலுக்குப் போனார்கள். பூசை, சப்பரம், வேட்டு. கீழ்நாட்டுக் கூட்டம் கோயில் மேட்டிலிருந்து ரோடு வரை இலைப் பொட்டலமும் வாழைப்பழத் தோலுமாகப் போட்டுக்கொண்டே பக்தி செய்தது. சப்பரம் வருகிற பாதையில் ஒரு ஆள் முழங்கால் போட்டுக்கொண்டே மூக்கைச் சிந்தி விரலைப் பக்கத்துச் செடியில் துடைத்தான். மாதா முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாமல் நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

அமலி போகவில்லை. விருந்தாளிகள் கிளம்புகிற நாள். அறையை ஒழிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்தாள்.

மத்தியானம் உபகாரம் உபதேசியார் ஒரு தட்டில் பழமும் வெற்றிலையும் மல்லிகைப்பூவும் வைத்துக்கொண்டு அவர்களோடு திரும்பி வந்தபோது நான் ஒரு கிண்ணம் சர்க்கரையோடு மதினி வீட்டுக்குள் இருந்தேன். யாரும் சர்க்கரை கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தம்மா பட்டுக்கு மாறியிருந்தாள். மகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்; முகம் ஒன்றும் மோசமில்லை.

"கஸ்பாரு," என்றார் உபதேசியார், "இவுங்க யாருன்னு தெரியுமா? கருங்குளத்துப்பட்டி இருதயசாமி வாத்தியாரு. இவுக அவுக சம்சாரம். தம்பி பேரு மரியசெல்வம்."

கஸ்பார் அண்ணன் வாயைப் பிளந்தார். பனிக்குள் இல்லாத பாறையைப் பார்த்து வியக்கிற அதே முகம். அந்த முகத்தை நம்பாதவர்கள் அந்த அறையில் நானும் மதினியும் மட்டும்தான்.

"முறையாப் பொண்ணு பாக்க வந்தா எல்லாரும் பட்டுச் சேலையக் கட்டிக் காப்பியக் குடுப்பாங்க," என்றாள் அந்தம்மா. "அதுல என்ன தெரியும்? அதான் நாங்க இப்படி வந்தோம். ஒங்க பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. சொன்னதச் செய்யுது. ஒரு வார்த்த எதுத்துப் பேசல. நீங்க சொன்ன மத்த மூணு பொண்ணும் இல்லைன்னு கடைக்காரம்மா சொல்லிட்டாங்க. அதுவும் நல்லதுதான், செலவு கொறையும்."

மதினி மாதா படத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

"பொண்ணக் கூப்புடுங்க" என்றார் இருதயசாமி.

கூப்பிடத் தேவை இருக்கவில்லை. அமலி உள் அறையிலிருந்து வந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது, கை முழங்கை வரை ஈரம். தோளில் அந்த வெள்ளை விரிப்பு. குழாயடிக்குப் போகிற வழி.

"உக்காரும்மா."

"ஈரக்கைங்க. சோலி கெடக்கு."

"நாங்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க" என்றார் அவர், பரீட்சை ரிசல்ட் வாசிக்கிற குரலில். "மூணு நாளா ஒன்ன கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். பாஸ் பண்ணிட்ட."

அமலி அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் யாருக்கு முன்கூட்டித் தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் விரிப்பைத் தோளிலிருந்து எடுத்து மரியசெல்வத்துக்கு முன்னால் பிரித்தாள். ஓரத்தில், பின்னல் பூவுக்கு மேலே, பச்சையும் பழுப்புமாக இரண்டு இழுப்பு. நாற்றம் எனக்கு வந்தது.

"இதுல என்ன தொடச்சீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல்தான் கேட்டாள். அந்தப் பையன் அந்த நேரத்தில் தெரியாமச் செஞ்சுட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாரியம்மன் சாட்சியாக, அந்தக் கல்யாணம் நடந்திருக்கும். அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

"ஷூவுல கொஞ்சம் குதிரச் சாணி" என்றான். "தொவச்சாப் போயிரும்ல."

"போயிரும். யாரு தொவைக்கிறது?"

அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க மூணு நாளா என்னப் பாத்தீங்க" என்றாள் அமலி. "நானும் மூணு நாளா நீங்க இருந்த ரூமப் பாத்தேன். எனக்கு வேண்டாங்க."

மதினி, "ஏ அமலி" என்று எழுந்தாள். உபதேசியார் தட்டைக் கீழே வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். அந்தம்மாதான் முதலில் சுதாரித்தாள்.

"ஏம்மா, டூரிஸ்டுன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. அதப் போயிப் பெருசு பண்ணலாமா? சொந்த வீட்டுல நாங்க அப்படியா இருப்போம்?"

"இது எங்களுக்குச் சொந்த வீடுங்க" என்றாள் அமலி. விரிப்பைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

பிறகு நடந்த பேச்சு உங்களுக்கு வேண்டாம். குளிர் ஊருத் திமிர் என்றார்கள். கைடு மகளுக்கு இவ்வளவா என்றார்கள். நீ காட்டியது தூண் பாறையே இல்லை, வெறும் பனி என்று ஹெட்மாஸ்டர் அப்போதுதான் கண்டுபிடித்தார். கஸ்பார் அண்ணன் எல்லாவற்றையும் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மகளைத் திட்டப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் பெட்டியைத் தூக்கி வாசலில் கொண்டுபோய் வைத்தார்.

"அடுத்த பஸ் இப்ப வந்துரும் சார். வெரசா நடந்தா ஜன்னல் சீட்டு கெடைக்கும். ஒங்களுக்கு ஜன்னல் வேணும்ல."

ஒரு டூரிஸ்டிடம் அவர் உண்மையைச் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

மதினி அந்தக் கிறிஸ்துமஸ் வரை மகளோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை, ஆனால் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று எனக்குக் கேட்கும்படி மாதாவிடம் எல்லாவற்றையும் சொல்லுவாள். மடத்துக்கு நேர்ந்ததை மட்டும் ஞாபகப்படுத்த மாட்டாள். அந்த வாயாலேயே, இனி இந்த வீட்டுக்குள் ஒரு டூரிஸ்டு கால் வைத்தால் அடுப்புக் கட்டையால் அடிப்பேன் என்றும் சொன்னாள். அதை நிறைவேற்றினாள். விரிப்பில் சாணிக் கறை முழுக்கப் போகவில்லை. அமலி அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பின்னினாள்.

மரியசெல்வத்துக்கு அடுத்த தை மாதமே திண்டுக்கல்லில் ஒரு டீச்சரோடு கல்யாணம் ஆனது. தேன்நிலவுக்கு எங்கள் ஊருக்குத்தான் வந்தார்கள். என் கடை முன்னால் பஸ் நின்றபோது அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்து சீட்டில் கைக்குட்டையால் தன் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

அமலிக்கு அதற்கப்புறம் சில வருடம் வரனே வரவில்லை. உபதேசியார் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. முப்பது தாண்டியபின், பெரும்பாறையிலிருந்து கபிரியேல் என்று ஒருவர் தானாக வந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. முன்தலையில் கொஞ்சம் வழுக்கை ஏறியிருந்தது. காப்பியைக் குடித்து முடித்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "பீலி எங்கனங்க இருக்கு?" என்று கேட்டார். அவர்கள் தோட்டத்தில் தண்ணீர்க் குழாய்க்கு அப்படிச் சொல்வார்களாம். பின்பக்கம் போய்த் தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். நான் பிறகு போய்ப் பார்த்தேன். அடியில் காப்பித்தூள் அப்படியேதான் இருந்தது. அதை அமலியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த மாசியில் கல்யாணம். டிரங்குப் பெட்டியும் விரிப்பும் பெரும்பாறைக்குப் போயின.

முதல் பேரன் பிறந்ததும் மதினியும் அங்கே இறங்கிப் போய்விட்டாள். கஸ்பார் அண்ணன் கொஞ்ச நாள் தனியாகக் கிடந்து, முழங்கால் விட்டுப்போனதும் அவரும் போனார். இப்போது அங்கே ஆரஞ்சு வாங்க வருகிறவர்களுக்கு ஏதோ ஒரு பாறையைக் காட்டிக்கொண்டிருக்கிறாராம்.

வீட்டை ஒரு மதுரைக்காரர் வாங்கி லாட்ஜ் ஆக்கினார். தகரத் தடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பினார். இப்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் கேட்பதில்லை. நாற்றம் மட்டும் வருகிறது.